தொடர்ந்து எழுதும் பழக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே தமிழில் கதையோ கட்டுரையோ ஆய்வேடோ எழுத விரும்பி, சில வாரம் எழுதி, பிறகு விட்டுவிட்டு, மறுபடி தொடங்க நினைப்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. எப்படித் தொடங்குவது என்பதைக் காட்டிலும், விட்டுப்போன பிறகு எப்படித் திரும்பி வருவது என்பதற்கே இங்கு அதிக இடம் தரப்பட்டிருக்கிறது. பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் அதுதான்.

21 நாள் தொடர்ந்து எழுதினால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

இந்தக் கணக்கு மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவரிடமிருந்து வந்தது. முகத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் ஆகிறது என்று 1960இல் வெளியான தமது நூலில் அவர் எழுதினார். நாளடைவில் ‘குறைந்தது’ என்ற சொல்லும் முகத்தைப் பற்றிய பேச்சும் உதிர்ந்துபோய், எதையும் மூன்று வாரத்தில் பழகிக்கொள்ளலாம் என்ற வாக்குறுதி மட்டும் மிஞ்சியது.

இதை முறையாக அளந்து பார்த்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலியும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆவர். 96 பேர், ஆளுக்கொரு புதிய செயலைத் தேர்ந்தெடுத்து, 12 வாரம் செய்து வந்தார்கள். சாப்பாட்டோடு பழம் உண்பது, தண்ணீர் குடிப்பது, உடற்பயிற்சி செய்வது போன்ற செயல்கள் அவை. யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலையை எட்டுவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று; ஆளுக்கு ஆள் இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறுபட்டது. ஆய்வே 84 நாள்தான் நடந்தது என்பதால், 254 என்பது கணிப்பு முறையில் வந்த எண். எளிய செயல்கள் சீக்கிரம் படிந்தன. உடற்பயிற்சி போன்றவை நாள் எடுத்துக்கொண்டன. எழுத்து அவற்றைவிடவும் சிக்கலானது. எனவே, இரண்டு மாதம் கழிந்தும் மேசையின் முன் உட்காரத் தயக்கமாக இருந்தால், உங்களிடம் ஏதோ குறை இருப்பதாக எண்ண வேண்டியதில்லை.

அந்த ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு: இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கப்படவில்லை. 66 என்ற எண்ணைவிட இதுவே எழுதுகிறவருக்கு அதிகம் உதவும் என்பது என் கருத்து.

எந்த நேரத்தில் எழுதுவது நல்லது? விடியற்காலை என்பது கட்டாயமா?

விடியற்காலைக்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. அந்த நேரத்தில் யாரும் நம்மை அழைப்பதில்லை என்பதுதான் அதன் ஒரே பலம். ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிராலப், அஞ்சல் துறையில் முழுநேரப் பணியில் இருந்த காலத்தில், காலை 5.30 மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார். தம்மை எழுப்பிக் காப்பி கொடுக்கும் பணியாளுக்கு அதற்கென்றே ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். அவர் இறந்த பின் 1883இல் வெளியான தன்வரலாற்றில் இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். நாற்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் இப்படி வந்தன. ஆனால் எழுப்ப ஆள் வைத்துக்கொள்ள முடிந்தவரின் கால அட்டவணையை, ஐந்தரைக்கே குழந்தைகளுக்குச் சோறு கட்டத் தொடங்குகிறவர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டுவதைவிட, அன்றாடம் தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு கட்டுவது நிலைக்கும். ‘மாலையில் எழுதுவேன்’ என்பது விருப்பம். ‘இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடித்ததும், அதே சாப்பாட்டு மேசையில் நோட்டைத் திறப்பேன்’ என்பது ஏற்பாடு. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் உடன் ஆய்வாளரும் 1997இல் வெளியிட்ட ஒரு சோதனை நம் காரியத்துக்கு நெருக்கமானது. கிறிஸ்துமஸ் முந்தைய மாலையை எப்படிக் கழித்தோம் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துக் கொடுத்தவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் எழுதி அனுப்பினார்கள்; அப்படிக் குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே அனுப்பினார்கள். விடுமுறைக் காலம், வீடு நிறைய உறவினர் என்ற சூழலிலும் இந்த வேறுபாடு இருந்தது.

வீட்டில் தனி அறை கிடையாது. எங்கே உட்கார்ந்து எழுதுவது?

தனி அறை இருந்தால் நல்லதுதான். நம் வீடுகளில் அது எத்தனை பேருக்கு வாய்க்கிறது? துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மா, எழுதக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்த வீட்டில், இரவில் குளியலறைக்குள் ஒளிந்து கவிதை எழுதினார் என்பதும், அவை வெளியே போய்ச் சேரத் தாயார் உதவினார் என்பதும் பலரும் அறிந்தவை. இதை ஊக்கமூட்டும் கதையாகச் சொல்லிவிட்டுப் போவது சரியில்லை. ஒரு பெண் எழுத அப்படி ஒளிய நேர்ந்தது அநியாயம். பழக்கத்தைப் பற்றிய எந்த அறிவுரையும் அந்த அநியாயத்தைச் சரிசெய்துவிடாது.

ஓரளவு பேச முடிந்த வீடு என்றால், இடத்தைவிட நேரத்தைக் கேட்டு வாங்குவது எளிது. ‘நான் எழுதணும்’ என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் புரியாது. ‘செவ்வாய், வியாழன், சனி, ராத்திரி ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க, கேஸ்காரர் வந்தாலும் நீங்களே பாத்துக்குங்க’ என்று சொன்னால் புரியும். வீட்டில் முடியவே முடியாது என்றால், கிளை நூலகம், அலுவலகத்தில் எல்லோரும் கிளம்பிய பிறகான அரை மணி, பிள்ளைகளின் டியூஷன் வாசலில் காத்திருக்கும் நேரம் என்று எங்காவது ஒரே இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை சொல் எழுத வேண்டும்?

ஆங்கில எழுத்தாளர்கள் சொல்லும் எண்களைத் தமிழில் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கிரகாம் கிரீன் நாளொன்றுக்கு 500 சொல் என்று அளவு வைத்திருந்தார். அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய நவம்பர் மாத நாவல் எழுதும் இயக்கம் 30 நாளில் 50,000 சொல், அதாவது நாளுக்கு ஏறத்தாழ 1,667 சொல் என்றது. தமிழிலோ வேற்றுமை உருபும் துணைவினையும் இடைச்சொல்லும் ஒரே சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. ‘போய்க்கொண்டிருந்தார்களாம்’ என்பது கணினியின் கணக்கில் ஒரு சொல். அதே உள்ளடக்கத்துக்குத் தமிழில் சொல் எண்ணிக்கை கணிசமாகக் குறையும். ஆயிரம் என்ற எண்ணைத் துரத்திக்கொண்டு, சேர்த்து எழுத வேண்டியவற்றைப் பிரித்து எழுதுகிறவர்கள்கூட உண்டு.

எனவே இரண்டு அளவுகளை வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, காய்ச்சல் அடிக்கும் நாளிலும் செய்துவிடக்கூடிய அடிமட்ட அளவு: பத்து நிமிடம் அல்லது ஐந்து வரி. இரண்டாவது, வழக்கமான நாளுக்கு உரியது: கையால் எழுதுகிறவருக்கு நோட்டில் ஒரு பக்கம், தட்டச்சு செய்கிறவருக்கு 200 முதல் 300 சொல். ஐந்து வரி எழுதிய நாளும் எழுதிய நாளாகவே கணக்கில் சேரும். நாளுக்கு 250 சொல் வீதம் வாரத்துக்கு நான்கு நாள் எழுதினால், ஆண்டில் ஏறத்தாழ 50,000 சொல் வரும். தமிழில் அது ஒரு நாவலுக்குப் போதுமானது.

உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. மனநிலை வரும்வரை காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் கல்லூரி ஆசிரியர்களை வைத்து இதைச் சோதித்தார். தோன்றும்போது மட்டும் எழுதியவர்களைவிட, குறித்த நேரத்தில் எழுதியே தீர வேண்டும் என்ற கட்டாயத்தில் வைக்கப்பட்டவர்கள் அதிகப் பக்கம் எழுதியதோடு, புதிய யோசனைகளையும் அதிகமாகக் குறித்து வைத்திருந்தார்கள். எழுதத் தொடங்கிய பிறகுதான் மனநிலை வருகிறது என்பதை எழுதிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் ‘வருவதில்லை’ என்பதற்குப் பெரும்பாலும் காரணம் முந்தின நாள் நிறுத்திய விதம். ஓர் அத்தியாயத்தை முடித்து, மூச்சு விட்டு, நோட்டை மூடினால், மறுநாள் வெற்றுப் பக்கம்தான் எதிரே இருக்கும். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருக்கும் இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே 1958இல் வெளியான ஒரு நேர்காணலில் சொன்னார். இதைக் காரியத்தில் கொண்டுவர, எழுதி முடித்ததும் கீழே ஒரு கோடு போட்டு, மறுநாளுக்கான குறிப்பை எழுதி வையுங்கள். ‘அடுத்து அண்ணனைப் பற்றி’ என்ற குறிப்பால் பயன் இல்லை. கீழே உள்ளதைப் போன்ற குறிப்பு உதவும்:

“அண்ணன் பத்திரத்தை மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு கொல்லைப்புறம் போகிறான். அங்கே அத்தை மாவு சலித்துக்கொண்டிருக்கிறாள். அவள் நிமிராமலே கேட்கிற முதல் கேள்வி.”

மறுநாள் அந்தக் கேள்வியை எழுதினால் போதும், காட்சி நகரத் தொடங்கிவிடும். கட்டுரை எழுதுகிறவர்கள், அடுத்த பத்தியின் முதல் வாக்கியத்தைப் பாதி எழுதி அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடலாம்.

எழுதும்போதே திருத்தலாமா?

எழுத்துப்பிழையைத் திருத்துவதில் கேடில்லை. முதல் பத்தியையே ஒரு வாரம் செதுக்கிக்கொண்டிருந்தால் அது எழுதாமல் இருப்பதற்கான நாகரிகமான வழி. டிராலப் தம்முடைய மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணியை முந்தின நாள் எழுதியதைப் படிப்பதற்கு ஒதுக்கினார். திருத்துவதற்கு அந்த அளவு போதும். மிச்சத்தை முழு வரைவு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கையால் எழுதுவதா, கைபேசியா, கணினியா?

எதில் தொடங்கத் தாமதம் குறைவோ அதில் எழுதுங்கள். இருந்தாலும் தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு சொல். ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழை வரவழைக்கும் முறையில், மனம் தமிழில் ஒரு வாக்கியத்தை அமைத்துக்கொண்டிருக்கும்போதே விரல் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தேடுகிறது. கைபேசி காட்டும் பரிந்துரைகளில் ‘பல்லி’யா ‘பள்ளி’யா என்று பார்த்துத் தொடவும் வேண்டியிருக்கிறது. சில வரிக் குறுஞ்செய்திக்கு இது பரவாயில்லை. ஆண்டுக்கணக்கில் எழுதப்போகிறவருக்கு இது வீண் களைப்பு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு தர விசைப்பலகையாக ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில், ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்ற நான்கு தட்டல் போதும். புள்ளி தானாக விழுந்துவிடும். சில வாரம் தடுமாற்றமாக இருக்கும். பழகிய பின் கண் திரையைவிட்டு விலகாது.

கையால் எழுதுவதற்கும் ஒரு நன்மை உண்டு: நோட்டில் அறிவிப்பு வந்து குறுக்கிடுவதில்லை. கைபேசியில் எழுதுகிறவர்கள் அந்த நேரத்துக்கு இணையத்தை நிறுத்திவைக்கலாம்.

பேசிப் பதிவு செய்வதை இழிவாக நினைக்க வேண்டாம். வை.மு. கோதைநாயகி அம்மாள் எழுதப் பழகியிராத காலத்தில், தம் முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். பிறகு கோதைநாயகி தாமே எழுதக் கற்று, 1925இலிருந்து ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். இன்று அந்தத் தோழியின் வேலையைக் கைபேசியின் குரல்வழித் தட்டச்சு ஓரளவு செய்கிறது. ல, ள, ழ வேறுபாட்டையும் ஒற்றெழுத்தையும் மட்டும் பின்னர் நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும்.

இரண்டு மாதம் நன்றாக எழுதினேன், பிறகு விட்டுப்போய்விட்டது. இனி எப்படித் தொடங்குவது?

விட்டுப்போவதற்கான காரணங்களில் பாதி நமக்கு முன்கூட்டியே தெரிந்தவை: வீட்டில் ஒரு கல்யாணம், பிள்ளையின் பொதுத்தேர்வு, வங்கியிலோ தணிக்கை அலுவலகத்திலோ வேலை பார்ப்பவருக்கு மார்ச் மாதம். இவை வரும் என்று தெரிந்தும், வந்த பின் எழுத முடியவில்லையே என்று வருந்துவதுதான் வேடிக்கை. மார்ச் முழுவதும் எழுத்து இல்லை, தினம் நான்கு பக்கம் வாசிப்பு மட்டும் என்று பிப்ரவரியிலேயே எழுதி வைத்துவிட்டால், ஏப்ரலில் குற்ற உணர்வு இல்லாமல் திரும்பலாம்.

மீதிப் பாதி எதிர்பாராதவை: நோய், இடமாற்றம், துக்கம். இவற்றிலிருந்து திரும்பும்போது பெரும்பாலோர் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். விட்ட நாட்களின் பாக்கியைச் சேர்த்துத் தீர்க்கப் பார்க்கிறார்கள். 20 நாள் விட்டதற்கு ஈடாக ஞாயிறு முழுவதும் எழுதுவேன் என்று உட்கார்ந்து, மதியத்துக்குள் களைத்து, அடுத்த வாரம் மேசைப் பக்கமே போவதில்லை. எழுத்தில் நிலுவை என்று ஒன்று கிடையாது, விட்டது விட்டதுதான்.

திரும்பும் முதல் நாள் புதிதாக எதையும் எழுத முயல வேண்டாம். கடைசியாக எழுதிய இரண்டு பக்கத்தைப் படித்து, அதன் கடைசிப் பத்தியைக் கையால் அப்படியே படியெடுங்கள். இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் படியெடுக்கும்போது அந்த எழுத்தின் ஓட்டம் கைக்குத் திரும்புகிறது. பத்தி முடியும் இடத்தில் அடுத்த வரி பெரும்பாலும் தானாக வந்து நிற்கும். வந்தால் எழுதுங்கள்; வராவிட்டால் எழுந்துவிடுங்கள். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் பத்து நிமிடம். நான்காம் நாள் வழக்கமான அளவுக்கு வரலாம். பழைய எழுத்தைப் படித்ததும் ‘இவ்வளவு மோசமா?’ என்று தோன்றுவது சகஜம். அன்றைக்கே அதைக் கிழித்துவிட்டுப் புதிய நாவல் தொடங்குகிறவர்களிடம் முதல் மூன்று அத்தியாயங்கள் மட்டும் டஜன் கணக்கில் இருக்கும்.

கணக்கு வைக்கும் முறையும் இதில் முக்கியம். ஒரு நாளும் விடாத சங்கிலியாகப் பதிவு செய்யும் செயலிகள், சங்கிலி அறுந்த அன்று எண்ணைச் சுழியாக்கிவிடுகின்றன; மூன்று மாத உழைப்பு ஒரே காய்ச்சலில் காணாமல் போனதுபோல் காட்டுகின்றன. பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே எழுதிய நாளில் ஒரு புள்ளி வைத்து, வாரக் கடைசியில் புள்ளிகளை எண்ணுங்கள். வாரத்துக்கு நான்கு என்பது என் பரிந்துரை. இந்த வாரம் இரண்டுதான் என்றால், அடுத்த வாரம் மறுபடி நான்கிலிருந்தே தொடங்குகிறது. ஆறு என்று உயர்த்தக் கூடாது.

நாட்குறிப்பு எழுதுவது பயிற்சியாகுமா?

ஆகும், வெளியுலகத்தைப் பார்த்து எழுதினால். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736இலிருந்து 1761இல் இறக்கும் காலம் வரை தமிழில் தினப்படிச் செய்திக் குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யார் யாரிடம் என்ன பேசினார் என்று கண்டதையும் கேட்டதையும் அன்றன்றைய பேச்சுத் தமிழிலேயே பதிந்தார். இன்று கிடைக்கும் பிரதியில் விடுபட்ட பகுதிகளும் உண்டு. அதனால் அந்த நூலின் மதிப்பு குறையவில்லை. ‘இன்று மனம் சரியில்லை’ என்று எழுதுவதைவிட, ரேஷன் கடை வரிசையில் இருவர் போட்ட சண்டையை அவர்கள் வாய்மொழியிலேயே எழுதிவைப்பது கதைக்கும் கட்டுரைக்கும் கையைப் பழக்கும்.

கெடு இருந்தால்தான் எழுத முடிகிறது. அது குறையா?

குறையில்லை. தமிழ் உரைநடையின் பெரும்பகுதி வாரக் கெடுவில் பிறந்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950இலிருந்து 1954 வரை வாரந்தோறும் வந்தது. ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014 ஜனவரி 1 அன்று தொடங்கி, நாளுக்கொரு அத்தியாயமாக 2020 ஜூலை வரை 26 நாவல்களாக வெளிவந்தது. இத்தகைய வேகம் எல்லோருக்கும் உரியதன்று. வாசகர் காத்திருக்கிறார் என்ற நிர்ப்பந்தம் மட்டும் எல்லோருக்கும் உதவும். பத்திரிகை இல்லாவிட்டால், மாதம் ஒரு முறை நீங்கள் எழுதியதைப் படிக்கச் சம்மதிக்கும் ஒரு நண்பர் போதும். அவர் பாராட்ட வேண்டியதில்லை. ‘இந்த மாசம் இன்னும் வரலையே’ என்று கேட்டால் போதும்.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இனிமேல் பழக்கமாகுமா?

உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தை ‘ஆனந்த விகட’னில் வாரத் தொடராக எழுதத் தொடங்கியது 1940இல், அவர் பிறந்தது 1855இல். 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது அது முடிவுறாமல் நின்றது. ஆனாலும் நூற்றுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் எழுதப்பட்டிருந்தன. ஓய்வு பெற்றவர்களுக்கு நேரம் அதிகம் என்பதே சிக்கலாகிறது: நாள் முழுவதும் இருக்கிறதே என்று தள்ளிப்போகிறது. நடைப்பயிற்சி முடிந்து வந்ததும், செய்தித்தாளைப் பிரிப்பதற்கு முன் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள்.

தொடர்ந்து எழுதுவதால் கை வலிக்கிறது. என்ன செய்வது?

காந்தியடிகள் 1909 நவம்பரில், இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்கா செல்லும் கப்பலில், ‘இந்திய சுயராஜ்யம்’ நூலைப் பத்து நாளில் எழுதி முடித்தார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார். அது ஒரு முறைக்குரிய வேகம். நாள்தோறும் எழுதுகிறவர் பின்பற்றத் தக்கதன்று. 25 அல்லது 30 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து கையையும் கழுத்தையும் தளர்த்துங்கள். பேனாவை இறுக்கிப் பிடிக்கிறீர்களா என்று கவனியுங்கள். அழுத்தாமல் மை இறங்கும் பேனாவுக்கு மாறுங்கள். தட்டச்சு செய்கிறவர்கள் மணிக்கட்டு மேல்நோக்கி வளையாதபடி நாற்காலியின் உயரத்தைக் கூட்டலாம். கைபேசியில் கட்டைவிரலால் மட்டும் நீளமாக எழுதுகிறவர்கள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் விசைப்பலகை ஒன்றை அதனோடு இணைத்துக்கொள்ளலாம். விரல் மரத்துப்போனாலோ, இரவில் வலி எழுப்பினாலோ, எழுதுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் குரல்வழிப் பதிவு கைகொடுக்கும்.